நின்றது, இருந்தது, கிடந்தது

1938 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை. நம்மூரில் பொங்கல் ஆரவாரம் ஓய்ந்து, தெருவோரத்தில் கரும்புச் சக்கையை மாடு மென்றுகொண்டிருந்த நேரம். நியூயார்க்கில் பென்னி குட்மேன் என்ற தையல்காரர் மகன், கையில் கிளாரினெட்டோடு கார்னகி ஹால் மேடையேறக் காத்திருந்தார். வயது 28. அமெரிக்கா அவருக்கு ‘ஸ்விங் ராஜா’ என்று பட்டம் கட்டியிருந்தது. அந்த ஊரில் பட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. எலிங்டன் என்ற வாத்தியக்காரர் ‘ட்யூக்’, பேஸி என்ற இன்னொருவர் ‘கவுண்ட்’. சமஸ்தானம்தான் கிடையாது. நம்மூர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மட்டும் சளைத்தவரா? நாதஸ்வரச் சக்கரவர்த்தி. ராஜாவைவிட ஒரு படி மேல்.

குட்மேன் வைத்திருந்த, ஸ்விங் என்ற ஆட்டச் சங்கீதம் வாசிக்கிற ‘பிக் பேண்ட்’ என்பது பதினாலு, பதினைந்து பேர் கொண்ட கோஷ்டி. ட்ரம்பெட்டும் டிராம்போனும் ஒரு கட்சி, சாக்ஸபோனும் கிளாரினெட்டும் எதிர்க்கட்சி. ஒன்று கேட்கும், மற்றது மடக்கும். பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ் நாலும் சேர்ந்து இரண்டு கட்சியையும் ஓட வைக்கும். இந்த வாத்தியத்துக்கு எழுந்து ஆடாதவனுக்கு முழங்காலில் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

குட்மேனுக்கு ராஜயோகம் 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பலோமர் நடன அரங்கில் அடித்தது. அதுவரை அந்தச் சுற்றுப்பயணம் சனி பிடித்த பயணம். போன இடமெல்லாம் “மெதுவாக வாசியுங்கள், சாப்பிடுகிறவர்களுக்குப் புரையேறுகிறது” என்ற தோரணையில்தான் வரவேற்பு. பலோமரிலும் முதலில் பயந்து பயந்து தாலாட்டையே வாசித்தார்கள். எப்படியும் போண்டிதான், போகிற போக்கில் பிடித்ததை வாசித்துவிட்டுப் போவோம் என்று பெட்டியிலிருந்து ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் எழுதிய உருப்படிகளை எடுத்தார்கள். கூட்டம் மேடையை மொய்த்துக்கொண்டது. ஸ்விங் யுகம் அன்றைக்குப் பிறந்ததாகத்தான் அமெரிக்கப் புத்தகங்கள் ஜாதகம் எழுதுகின்றன.

அந்த ஜாதகத்தில் ஒரு கட்டத்தை மட்டும் சின்ன எழுத்தில் போடுவார்கள். ஹெண்டர்சன் கறுப்பர். அவர் தம் சொந்த பேண்டை வைத்து 1920களிலேயே இதே சங்கீதத்தை வாசித்து, நொடித்துப்போய், பிழைப்புக்காக உருப்படிகளை விற்றவர். சட்டை தைத்தவர் ஒருவர், போட்டுக்கொண்டு ராஜாவானவர் இன்னொருவர். குட்மேன் அதை மறைக்கவில்லை, மேடையில் கறுப்பரையும் வெள்ளையரையும் சேர்த்தே உட்காரவைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1938இல் அதற்குத் தைரியம் வேண்டும்.

கார்னகி ஹால் என்பது டிசம்பர் சீசன் சபா மாதிரி. இருமுவதற்குக்கூட வித்வானின் அனுமதி வேண்டும். அங்கே நடன அரங்கு வாத்தியமா என்று பெரியவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ட்ரம்பெட்காரர் ஹாரி ஜேம்ஸ் திரைக்குப் பின்னால் நின்று, தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்ட விலைமகள் மாதிரி இருக்கிறது எனக்கு என்று முனகியதாகச் சொல்வார்கள். அவரைக் கொஞ்சம் இங்கே அழைத்து வந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஆடலையும் பாடலையும் வளர்த்த பெண்களே கோயிலுக்குள் இருந்தவர்கள்தான். நாதஸ்வரம், தவில் பெரிய மேளம், அவர்கள் ஆடியது சின்ன மேளம். பொட்டுக்கட்டக் கூடாது என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே 1947இல்தான்.

கச்சேரி விறைப்பாகத்தான் ஆரம்பித்தது. வாத்தியக்காரர்களுக்கு விரல் உறைந்துவிட்டது. டிரம்ஸ்காரர் ஜீன் க்ரூப்பா பார்த்தார். ஓரிடத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரே போடாகப் போட்டார். சபைக்கு உயிர் வந்தது. தூங்கி வழிகிற கல்யாண மண்டபத்தைக் கெட்டிமேளம் எழுப்புகிற அதே வித்தை. கடைசியில் ‘சிங் சிங் சிங்’. பன்னிரண்டு நிமிடம். க்ரூப்பா தனி ஆவர்த்தனம் மாதிரி அடித்து நொறுக்கியபின், குட்மேன் தலையசைக்க, அதுவரை ஓரமாக இருந்த பியானோக்காரர் ஜெஸ் ஸ்டேஸி, யாரும் திட்டமிடாத ஒரு தனியை மெல்ல ஆரம்பித்தார். ஊரே ஆடி ஓய்ந்த பந்தலில் ஒரு பெரியவர் பூஜையறைக்குப் போய்ப் பாடினார் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அந்த இரவின் உச்சம் இந்த இரண்டு நிமிடம்தான் என்பது என் கட்சி. அடுத்த சில வாரங்களில் க்ரூப்பாவும் குட்மேனும் மேடையிலேயே முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். மேளக்காரர்கள் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் மேளக்காரர்கள்தான்.

ஆக, அன்றைக்கு நடந்தது என்ன? ஆட வந்த கூட்டத்தைச் சீட்டு விற்று உட்காரவைத்தார்கள். அதிகபட்சச் சீட்டு 2.75 டாலர். உட்கார்ந்து கேட்டால் சாஸ்திரியம், நின்று ஆடினால் கும்மாளம். மரியாதை என்பது கடைசியில் நாற்காலி சமாசாரம்.

இது ராஜரத்தினம் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது. மேளக்காரர் என்றால் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிரபுக்கள் முன்னால் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்பது அன்றைய எழுதாத சட்டம். பிள்ளை கிராப் வெட்டிக்கொண்டார், சட்டை போட்டார், வாய்ப்பாட்டுக்காரருக்குப் போடுகிற மேடையை எனக்கும் போடு என்றார். போட்டார்கள். அங்கே குட்மேன் ரசிகரை உட்காரவைத்தார். இங்கே பிள்ளை தாமே உட்கார்ந்தார். 1940இல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவும் நடித்துவிட்டார். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளையோ யார் சொன்னாலும் கேட்கிறவரல்லர். அந்தப் படப்பிடிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

திருவண்ணாமலையில் நடந்தது இன்னும் வேடிக்கை. அதே 1938இல் சாமர்செட் மாம் ரமணாசிரமத்துக்கு வந்தார். பெரிய எழுத்தாளர், பெரிய பூட்ஸும் போட்டிருந்தார், அதனால் பகவான் ரமணர் வழக்கமாக இருக்கும் கூடத்துக்குள் போக முடியாமல் வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தார். வந்த இடத்தில் மயக்கம் போட்டும் விழுந்தார். அங்கேயே தங்கியிருந்த மேஜர் சாட்விக்கின் அறையில் படுக்கவைத்தார்கள். ரமணர் தாமே அங்கு வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒரு பேச்சும் இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமா என்று மாம் தயங்க, மௌனமும் பேச்சுதான் என்று பதில் வந்தது. நியூயார்க்கில் பதினைந்து பேர் சேர்ந்து கூரையைப் பிய்த்த அதே வருஷம், இங்கே ஒருவர் அரை மணி நேரம் வாயே திறக்காமல் சபையைக் கட்டிப்போட்டார்.

விஷயம் ஊரெல்லாம் பரவியபோது, வெள்ளைக்காரருக்குச் சமாதி நிலை கைகூடிவிட்டது என்றாகிவிட்டது. தமக்கு இப்படி மயக்கம் வருவதுண்டு என்று மாம் பிறகு எழுதினார். யார் கேட்டார்கள்? அவரும் சும்மா இருக்கவில்லை. 1944இல் ‘ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் சிகாகோ இளைஞன் ஒருவனை இந்தியாவுக்கு அனுப்பி ஒரு மகானைச் சந்திக்கவைத்தார். அந்த மகானின் ஆசிரமம் திருவிதாங்கூரில்! எங்கள் மலையை அப்படியே கேரளத்துக்குக் கடத்திவிட்டார்.

கார்னகி கச்சேரிக்கும் கொஞ்ச காலம் கிடந்த கோலம்தான். மேடைக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்த தட்டுகள், குட்மேன் வீட்டு அலமாரியில் பன்னிரண்டு வருஷம் கிடந்தன. எடுத்துப் பார்த்து 1950இல் கொலம்பியா தட்டுக் கம்பெனி வெளியிட, விற்றுத் தீர்ந்தது. அந்தக் காலத்துக் கடைத்தட்டு என்றால் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். தட்டு செய்யும் அரக்கு போனது நம் சோட்டா நாக்பூர் காட்டுப் பூச்சியிடமிருந்து. 1942இல் யுத்தத்தால் அரக்குக்குத் தட்டுப்பாடு வர, பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுசு என்றார்கள் அமெரிக்கக் கடைக்காரர்கள். ஈயப் பாத்திரத்துக்கு அலுமினியம் மாற்றுகிற வியாபாரம்.

மூன்று நிமிடக் கணக்கு திருவண்ணாமலைக்காரர்களான எங்களுக்குப் புதிதில்லை. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். சில நிமிடம். கண்ணைக் கசக்குவதற்குள் உள்ளே போய்விடுவார். மலைமேல் தீபம் ஏறும். வருஷத்துக்கு ஒரு தட்டு, ஒரு பக்கம், மறு ஒலிபரப்பு கிடையாது.

முழு நீளக் கச்சேரி வேண்டுமென்றால் தை இரண்டாம் நாள். பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுக்கப் புறப்பட்ட அண்ணாமலையாரோடு உண்ணாமுலையம்மன் சண்டை போடுகிற திருவூடல். அதற்கென்றே ஒரு தெருவுக்குப் பெயர். சாமியும் அம்மனும் எதிரெதிரே. தவில் ஒரு தீர்மானம் வைக்க, சாமி முன்னே வரும், அம்மன் பின்வாங்கும். மறுபடி மேளம், மறுபடி ஓட்டம். தண்டைத் தாங்கியவரின் தோளைப் பாருங்கள்: இடது காலில் எடை மாறும் நொடியில் தவில் விழும், மாலை ஊஞ்சலாடும், வியர்வை தண்டில் வழியும். நடுவில் சுந்தரர் தூது போகிறார், காரியம் நடப்பதில்லை. அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, அடுத்த நாள் கிரிவலமெல்லாம் முடித்து வந்துதான் சமாதானம்.

குட்மேன் தட்டை வீட்டில் எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேளுங்கள், நல்ல தட்டு. திருவூடலுக்கு மட்டும் வெயில் தாழ்வதற்குள் வந்துவிடுங்கள். தெரு சின்னது. நாற்காலி போட மாட்டார்கள்.