வெள்ளிக்கிழமைக் கமக்காரர்கள்

2022 ஜூன் மாதம் கொழும்பில் அமைச்சரவை கூடிப் பசிக்கு மருந்து கண்டுபிடித்தது: வெள்ளிக்கிழமை லீவு. அரச உத்தியோகத்தர்கள் மூன்று மாதத்துக்கு அன்றைக்குக் கந்தோர் போகாமல் வீட்டுத்தோட்டம் செய்யலாம். பெற்றோலும் மிச்சம், கத்தரிக்காயும் வரவு. நட்ட கத்தரி ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கும்போது லீவு முடிந்துவிடும் என்று சொல்ல அந்த மேசையில் ஒரு கமக்காரன் இருக்கவில்லை. இருந்தவர்களுக்குக் கத்தரிக்காய் கறியாகத்தான் பழக்கம்.

கமக்காரன் எங்கே நின்றான்? டீசல் வரிசையில் நின்றான். கானில் தரமாட்டோம், மெசினைக் கொண்டு வா என்றார்கள். அறுவடை மெசினை வயலிலிருந்து பத்துக் கட்டை ஓட்டிவரவும் டீசல்தானே வேண்டும்? இதைக் கேட்டவனுக்குப் பின்னால் நின்றவர்களே சிரித்தார்கள். அழுது களைத்த ஆட்களின் சிரிப்பு அது.

அதற்கு ஒரு வருடம் முந்தியே சமையல் தொடங்கிவிட்டது. பத்து வருடத்தில் நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றுவேன் என்று வாக்குக் கேட்ட ஜனாதிபதி, 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார். பத்து வருட வேலை ஒரு கையெழுத்தில் முடிந்தது. சேதனத்தில் குற்றமில்லை. எங்கள் பாட்டன்மார் பூவரசங்குழை தாழ்த்து, பட்டி அடைத்து, மண்ணை ஆண்டுக்கணக்காகப் பழக்கியவர்கள். வர்த்தமானியைத் தாழ்த்தால் எந்த மண்ணிலும் பயிர் வராது. சீனாவிலிருந்து வந்த பசளைக் கப்பலில் கெட்ட பக்டீரியா இருக்கிறதென்று திருப்பினார்கள். பிறகு 67 இலட்சம் டொலரையும் கட்டினார்கள். மருந்துக்கு இல்லாத டொலர் குப்பைக்கு இருந்தது, அதுவும் கரையிறங்காத குப்பைக்கு! நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று.

யாழ்ப்பாணத்தாருக்கு இதெல்லாம் பழைய பாடம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், யூரியா எல்லாம் எங்களுக்குத் தடைசெய்த பொருட்கள். யூரியா மூட்டையை வெடிகுண்டாகப் பார்த்த அரசு அது. எங்கள் செம்மண்ணுக்கு ஆறு இல்லை, கிணறும் பம்பும்தான். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் பெற்றோலை எடுத்து, நாலு துளி விட்டு, கயிற்றை இழுப்பார் எங்கள் ஐயா. இரண்டு தரம் இருமும். மூன்றாம் தரம் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பிடிக்காவிட்டால் இன்னும் நாலு துளி. அந்த நாலு துளியை அவர் பார்க்கும் பார்வையில் வெங்காயத் தறை முழுக்க இருந்தது. முப்பது வருடம் கழித்து, எதிரி எவனும் இல்லாமலே, அதே தடையைத் தன் சொந்தக் கையால் நாடு முழுவதற்கும் போட்டது அதே அரசு. அந்த வகையில் சமத்துவம் வந்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

பம்புக்குக் கிடைக்காத எண்ணெய் கிணற்றுக்குக் கிடைத்ததும் இங்கேதான். சுன்னாகத்து மின்நிலையத்தின் கழிவெண்ணெய் அயல் கிணறுகளில் கலந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. கிணறு வைத்திருப்பவனிடம் கேட்டுப் பாருங்கள், அந்தத் தொகையில் எத்தனை தலைமுறைத் தண்ணீர் வாங்கலாமென்று.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அது குப்பி விளக்கின் எண்ணெய், தோட்டத்துப் பம்பின் எண்ணெய், சின்னப் படகின் எண்ணெய். சொகுசுக் கார் ஒன்றும் மண்ணெண்ணெயில் ஓடுவதில்லை.

2022இன் அந்த வரிசைகள் போய்விட்டன. ஆகவே பிரச்சினையும் இல்லையாம். மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டோம் என்று இன்னும் கனவு காண்கிறோம். அந்த வாயுவில் இன்றுவரை ஒரு கேத்தில் தண்ணீர் கொதித்ததில்லை. உழவு, இறைப்பு, அரிசி ஆலை, சந்தைக்குப் போகும் லொறி எல்லாமே கப்பலில் வரும் எண்ணெயில் ஓடுகின்றன. யூரியாகூட வெள்ளை மணியாக உருட்டிய இயற்கை வாயுதான். உலகத்தில் எண்ணெய் குறையக் குறைய, டொலர் இல்லாதவன் கோப்பைதான் முதலில் காலியாகும்.

ஐயாமாரே, அடுத்த தரம் கப்பல் பிந்தும்போது எங்களுக்கு லீவு தர வேண்டாம். வருகிற டீசலில் முதல் லீற்றர் வயலுக்கும் வள்ளத்துக்கும் என்று இப்போதே சட்டம் எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏழு நாளும் தோட்டத்தில்தான் நிற்கிறோம்.