எங்க ஊருக்கும் ஒரு ரயில்!

ஆபிரகாம் லிங்கன் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? தாடி, உயரத் தொப்பி, அடிமை ஒழிப்பு, வாஷிங்டனில் பளிங்கு நாற்காலியில் அமர்ந்திருக்கும் அந்தப் பிரம்மாண்டம். அவசரப்பட்டு எழுந்து நின்றுவிடாதீர்கள். நாம் பார்க்கப்போகிறவருக்கு வயது 28. தாடி கிடையாது. இல்லினாய் மாநிலத்தில் எம்.எல்.ஏ. அந்த மாநிலத்தைத் திவாலாக்கப்போகும் சட்டத்துக்கு, சந்தோஷமாக ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

பழி முழுக்க அவருடையதல்ல. மூல காரணம் நியூயார்க் கவர்னர் டிவிட் கிளின்டன். சாலை, கால்வாய்க்கு மத்திய அரசு காசு கொடுக்கும் மசோதா ஒன்று 1817-இல் வந்தது. ஜனாதிபதி மேடிசன், பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தைய நாள், அதை வீட்டோ செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று மாநிலமே கடன் வாங்கி, 363 மைலுக்கு ஈரி கால்வாயை வெட்டியது. 'கிளின்டன் தோண்டிய பள்ளம்' என்று சிரித்தார்கள். 1825-இல் திறந்ததும் சுங்கப் பணம் கொட்டியது. கால்வாய் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் எத்தனை மாநிலங்கள் பிழைத்திருக்கும்!

இப்போது ஊருக்கு ஊர் ஒரு கிளின்டன். "இல்லினாய்க்கு நான்தான் கிளின்டன் ஆகவேண்டும்" என்கிற ஆசையை லிங்கனே தன் நண்பர் ஜோஷுவா ஸ்பீடிடம் சொல்லியிருக்கிறார். ஆசை தப்பில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஜனம் இருந்தது, சரக்கு இருந்தது. இல்லினாய் முழுக்கச் சேர்த்தால் ஐந்து லட்சம் பேர்கூடத் தேறாது. சிகாகோவில்? நாலாயிரம் சொச்சம்.

1837 பிப்ரவரி 27 அன்று, முதலில் சொன்ன அந்தச் சட்டம் நிறைவேறியது. ஒரு கோடி டாலருக்கு மேல் செலவு, சுமார் 1,300 மைல் ரயில் பாதை. கவர்னர் ஜோசப் டங்கன் 'வேண்டாமய்யா' என்றார்; யார் கேட்டார்கள்? எல்லா ஊரும் "எனக்கு, எனக்கு" என்றதால், வேலையை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இரண்டு முனையிலிருந்தும் தொடங்கணும், நடுவில் வருகிற ஆற்றிலும் ஊரிலும் தொடங்கணும். எங்கே முடிக்கணும் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ரயிலும் கால்வாயும் கிடைக்காத மாவட்டங்கள் கோபித்துக்கொள்ளுமே? அவற்றுக்கு இரண்டு லட்சம் டாலர் ஆறுதல் பரிசு. பிற்காலத்தில் லிங்கனோடு மேடைக்கு மேடை மோதிய ஸ்டீபன் டக்ளஸும் அதே சபையில் எம்.எல்.ஏ.தான். இந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அப்படியொரு ஒற்றுமை!

லிங்கன் மாவட்டத்து உறுப்பினர்கள் ஒன்பது பேர். சராசரி ஆறடி உயரம் என்பதால் 'நெட்டை ஒன்பது' என்று பெயர். சட்டம் நிறைவேறிய மறுநாளே, தலைநகரத்தை வண்டாலியாவிலிருந்து இவர்களுடைய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றுவதென்று ஓட்டெடுப்பில் முடிவானது. 'ரயில் உனக்கு, தலைநகரம் எனக்கு' டீல் என்று ஊர் பேசியது. அப்படியொன்றும் இல்லை என்று வாதாடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. உங்களுக்கு எம்.எல்.ஏ.க்களைத் தெரியும், நீங்களே முடிவு செய்யுங்கள்.

வட்டியை எப்படிக் கட்டுவதாம்? அங்கேதான் மூளை. கடன் வாங்கி ஸ்டேட் பேங்க் பங்குகளை வாங்குவது. அந்தப் பங்கின் லாபத்தில் கடனுக்கு வட்டி கட்டுவது. கேட்கவே குளிர்ச்சியாக இல்லை? மே மாதமே நியூயார்க் வங்கிகள் 'நோட்டுக்கு வெள்ளி தரமாட்டோம்' என்று கதவைச் சாத்தின. நாடே படுத்துவிட்டது.

லிங்கன் அசரவில்லை. 1839-இல் புது ஐடியா: மத்திய அரசின் இரண்டு கோடி ஏக்கர் நிலத்தை ஏக்கர் 25 சென்டுக்கு வாங்கி, ஒன்றேகால் டாலருக்கு விற்போம்! வாஷிங்டன் கண்டுகொள்ளவே இல்லை. அத்தனை பெரிய மனிதருக்குள் ஒரு ரியல் எஸ்டேட் புரோக்கர்.

1840 டிசம்பர் காட்சி இன்னும் அருமை. சபை கலைந்தால் ஸ்டேட் பேங்க் தன் நோட்டுக்கு வெள்ளியை எண்ணி வைத்தாக வேண்டும். கோரம் இல்லாவிட்டால் சபையைக் கலைக்க முடியாது. எனவே பேங்கைக் காப்பாற்ற லிங்கன் கட்சி ஆப்சென்ட். வேடிக்கை பார்க்க அவரும் இரண்டொருவரும் மட்டும் உள்ளே. கோரத்தை நிரப்புவதே தாங்கள்தான் என்று லேட்டாக உறைத்தது. வாசலில் காவல். லிங்கன் ஜன்னல் வழியே குதித்தார்! புதுத் தலைநகரில் சட்டசபைக் கட்டடம் முடியாததால் அவர் குதித்தது ஒரு சர்ச் ஜன்னல். அதற்குள் அவர் தலையை எண்ணியாகிவிட்டது. 'அந்தக் காலுக்கு ஜன்னலிலிருந்து தரை எட்டியிருக்குமே, இன்னொரு மாடி கட்டுங்கள்' என்றது எதிர்க்கட்சிப் பத்திரிகை.

சரி, ரயில்? மெரடோசியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அறுபது மைல்கூட இல்லாத ஒரே ஒரு துண்டு. மரக்கட்டைமேல் இரும்புப் பட்டை அடித்த பாதை. எஞ்சின் படுத்துக்கொண்டதும் கோவேறு கழுதைகள் இழுத்தன. ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் விழுங்கிய அதை 1847-இல் ஏலம் விட்டார்கள். கிடைத்தது 21,100 டாலர்.

1842-இல் இல்லினாய் வட்டி கட்டுவதை நிறுத்தியது. துணைக்கு இண்டியானா, மிச்சிகன், பென்சில்வேனியா என்று ஒரு கூட்டமே இருந்தது. பென்சில்வேனியா பத்திரத்தில் பணம் போட்ட ஆங்கிலப் பாதிரியார் சிட்னி ஸ்மித், லண்டன் விருந்தில் அந்த ஊர்க்காரரைப் பார்த்தாலே பிடித்து, தொப்பியை ஒருவருக்கும் கோட்டை இன்னொருவருக்கும் பங்கு போடத் தோன்றுகிறது என்று புலம்பினார். பாதிரியாருக்கே பொறுமை போன கேஸ்!

கடைசியில் இல்லினாய் சென்ட்ரல் ரயில் வந்தது. மத்திய அரசு தானம் கொடுத்த நிலத்தில் தனியார் கம்பெனி போட்டு, 1856-இல் முடித்தது. மாவட்ட வரியிலிருந்து கம்பெனியைக் காப்பாற்றிய வக்கீல் யார் தெரியுமா? நம்ம லிங்கனேதான். 5,000 டாலர் ஃபீஸ் கேட்டார், கம்பெனி முறைத்தது. கேஸ் போட்டு 1857-இல் வாங்கிவிட்டார். மாநிலத்தின் கடன் 1882-இல்தான் தீர்ந்தது.