தொட்டிக்கு எத்தனை மீன்?

வீட்டு மீன்தொட்டியில் எத்தனை மீன் விடலாம் என்பதைக் கடைக்காரரும், வீட்டுச் சின்னப் பிள்ளையும், வாஸ்து தெரிந்த மாமாவும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். தொட்டியைக் கேட்கும் வழக்கம் இல்லை.

கணக்குப் போட்டே தீருவேன் என்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் காலி விட்டு, அடியில் கலர் கல்லைக் கொட்டி, மூடியைத் திறந்து திறந்து குமிழி விடும் புதையல் பெட்டியையும் இறக்கினால், 40 லிட்டர் மிஞ்சுவதே பெரிது. நாலு லிட்டருக்கு ஓர் அங்குல மீன் என்பது பழைய கணக்கு. ஆக, பத்து அங்குலம். மீனை ரவிக்கைத் துணி மாதிரி அளந்து வாங்க வேண்டும்.

கடையில் கோல்டு ஃபிஷ் இரண்டு அங்குலம்தான் இருக்கும். எனவே ஐந்து வாங்கலாம். வளர்ந்தால் ஆறு, எட்டு அங்குலம் வருமே, ஒன்றுக்கே இடம் காணாதே என்று யாராவது இழுத்தால், “தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்” என்ற கடைக்காரர் வாக்கைச் சொல்லி வாயை அடைக்கவும். (உடம்பு குறுகுவது உண்மைதான். ஆயுளும் சேர்ந்து குறுகும்.)

ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போங்கள். பட்டியல் வேண்டாம்; “ஜோடியா எடுத்துக்கோங்க சார், தனியா இருந்தா ஏங்கிடும்” என்பார்கள். மாமா சொன்னபடி தங்க நிறத்தில் எட்டு, திருஷ்டியை வாங்கிக்கொள்ளக் கறுப்பு ஒன்று. பிள்ளை அழுததற்கு ஒரு குட்டி ஷார்க் (பெயர்தான் ஷார்க்; ஜாதி கெளுத்தி). கப்பி வாங்கினால் எண்ணிக்கைக் கவலையே உங்களுக்கு இல்லை, அதுவே பார்த்துக்கொள்ளும்: மாதத்துக்கு ஒரு பிரசவம், ஒரு பிரசவத்துக்கு இருபது, முப்பது குஞ்சு. பெண்ணை மட்டும் வாங்கிச் சாமர்த்தியம் காட்டினாலும் பலிக்காது. ஆணின் விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்துப் பல மாதம் ஈனும்.

வந்த அன்றே எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிவிடுங்கள். மீன் செவுள் வழியே விடும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா, ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற ஒரு மாதத்துக்கு மேலாகும். இரண்டிரண்டாக விட்டால் அதற்கு அவகாசம் கிடைத்துத் தொலைக்கும். சில நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். உடனே முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாகப் பிழியவும். வந்து சேர்ந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் சாக்கடைக்குப் போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து, மிஞ்சியதை எண்ணுங்கள். அநேகமாகக் குட்டி ஷார்க் இருக்கும். நீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த ஜீவன் அது. ஓட்டலில் பாசா என்று வறுத்துத் தருவதும் பெரும்பாலும் இதைத்தான். மூன்றடிக்கு மேல் வளரும். பெரிய தொட்டி வாங்குவதா, குழம்பு வைப்பதா என்று வீட்டில் கூடிப் பேசுங்கள். பிள்ளை அதற்குப் பெயர் வைத்துவிட்டிருந்தால் பேச ஒன்றுமில்லை, தொட்டிதான்.