ஓய்வு பெற்ற கார்டு உயிரோடு இருத்தல் – தொடர்பாக

அனுப்புநர்:
பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் உரிமையாளர்,
மாடி போர்ஷன், சென்னை.

பெறுநர்:
லெகசி (ஓய்வுப்) பட்டியல் தயாரிக்கும் அதிகாரி அவர்கள்,
கிராபிக்ஸ் கார்டு நிறுவனம்.

பொருள்: கிராபிக்ஸ் கார்டு – வயது முதிர்வு காரணமாக ஓய்வளித்தல் – மேற்படியார் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருத்தல் – தொடர்பாக.

பார்வை: "இந்தக் கார்டுக்கு இனி டிரைவர் வராது" என்னும் தங்கள் இணையதள அறிவிப்பு.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்டபடி ஓய்வளிக்கப்பட்ட கார்டு, இந்த மனுவின் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விசிறி கொஞ்சம் இரைகிறது. தூசி தட்டி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். மற்றபடி நோய்நொடி எதுவும் இல்லை.

பெறுநர் இடத்தில் நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. கிராபிக்ஸ் சிப் செய்கிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்லார் வீட்டிலும் இதே வழக்கம்தான். பொருந்துகிறவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க் மாற்றி, ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போட்டேன். திரை வந்தது. எழுத்தெல்லாம் தடித்தடியாக, வட்டமெல்லாம் நீள்வட்டமாக. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், என் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருக்கிறது. சரி, தாங்களே தரும் கருவி இருக்கிறதே, கார்டை அதுவே கண்டுபிடித்து, அதை ஓ.எஸ்.ஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரைப் போட்டுவிடும் என்று விளம்பரம் செய்திருக்கிறீர்களே என்று அதை இறக்கி ஓட்டினேன். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. முடிவில் ஒரு பெட்டி வந்தது: "பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்டுவேர் எதுவும் இல்லை."

அந்தப் பெட்டியைத் திரைக்குக் கொண்டுவந்தது யார் என்று தங்கள் துறையில் எவராவது யோசித்ததுண்டா? கார்டேதான். தான் இல்லை என்ற செய்தியைத் தானே, நிழல் விழும் ஓரத்தோடு, அழகாகத் திரையில் காட்டியது. எங்கள் ஊர் ஓய்வூதிய அலுவலகத்திலும் எதிரே நிற்கும் பெரியவரிடம் ஆயுள் சான்று கேட்பார்கள். ஆனால் அந்தச் சான்றை எழுதுகிற வேலையையும் அவர் தலையிலேயே கட்டி, முடிவில் "அப்படி ஒருவர் கிடையாது" என்று சீல் குத்தும் அளவுக்கு அவர்கள் இன்னும் முன்னேறவில்லை.

பிறகு நானே தேடினேன். வரிசை, மாடல், ஓ.எஸ்., மொழி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், என் கார்டுக்கான கடைசி டிரைவர் பழைய பக்கங்களின் அடியில் கிடந்தது. அதைப் போடுமுன் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் அரைகுறை டிரைவரைப் பிடுங்க வேண்டும். தங்கள் அன்இன்ஸ்டாலர் அதை முழுசாகப் பிடுங்குவதில்லை. அதற்கென்று வெளியார் ஒருவர் டிடியூ என்ற கருவியை எழுதி இலவசமாகத் தருகிறார். சேஃப் மோடில் போய் அதை ஓட்டினேன். ஓட்டுமுன் நெட் கேபிளைக் கழற்றி வைத்தேன். கழற்றாவிட்டால் ஓ.எஸ். தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரை நடுவில் நுழைத்துவிடும். டிரைவர் ஏறும்போது திரை ஒருமுறை முழுதாக இருண்டது. அந்தச் சில நொடிகளின் நீளம் தங்கள் கையேட்டில் இல்லை. அப்புறம் எழுத்து மெலிந்து, வட்டம் வட்டமானது. ஆனால் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புக் கரை. எச்.டி.எம்.ஐ.யில் மாட்டினால் மானிட்டரை டி.வி. என்று நினைத்துக்கொண்டு படத்தைச் சுருக்குமாம். அதைச் சரிசெய்யும் ஸ்லைடரை, பட்டியலுக்குள் பட்டியலாகத் திறந்து, "ஸ்கேலிங்" என்ற பெயரில் கண்டெடுத்தேன். ஓரத்துக்கு இழுத்ததும் திரை நிறைந்தது. இவ்வளவு நல்ல பொருளை இவ்வளவு கவனமாக ஒளித்துவைத்த கைக்கு என் பாராட்டு.

ரிச்சி தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் கேட்டிருந்தால் இந்தச் சிரமமே இல்லை. "கார்டு நல்லாத்தான் சார் இருக்கு, புதுசு போட்டுடுங்க" என்பார். புதுக் கார்டுக்கு என் எஸ்.எம்.பி.எஸ். தாங்காது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் கேபினெட் கொள்ளாது. இந்த வழியில் போனால் கடைசியில் பழையது என்று மிஞ்சுவது மவுஸ் பேடும் நானும்தான்.

ஓய்வு வயதை எப்படி நிர்ணயிக்கிறீர்கள் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. 2014-இல் என்விடியா ஜிடி 730 என்று ஒரு கார்டு விற்றது. ஒரே பெயர், உள்ளே சிலவற்றில் ஃபெர்மி சிப், சிலவற்றில் கெப்லர் சிப். ஃபெர்மிக்கு 2018 ஏப்ரலோடு புது டிரைவர் நின்றது. கெப்லருக்கு 2021 அக்டோபரில். பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர், தன் கார்டு எந்த வருஷம் ஓய்வு பெறும் என்பதைத் தெரிந்துகொள்ள ஜாதகம்தான் எழுத வேண்டும். ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்9 ஃப்யூரி எக்ஸ் 2015 ஜூனில் பெரிய விலையில் வந்தது. 2021 ஜூனில் லெகசிக்குப் போனது. ஆறு வருஷ சர்வீஸ்.

"எப்போதும் புதிய டிரைவரையே போடுங்கள்" என்ற தங்கள் உபதேசத்தையும் படித்தேன். 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவரைப் புதிது என்று நம்பிப் போட்டவர்களுக்கு விசிறி தகராறு செய்து கார்டு கொதித்தது. புகார் குவிந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். என்னைப் போல் சோம்பேறித்தனமாகப் பழையதிலேயே இருந்தவர்கள் தப்பினார்கள்.

எல்லாக் கார்டையும் எந்நாளும் பார்த்துக்கொள்ள தங்களால் முடியாது என்பது நியாயம். ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாகச் சோதிக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அதை நான் கேட்கவும் இல்லை. முடியாதபோது சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்பதுதான் கேள்வி. ஏ.எம்.டி. 2007-இல் தன் சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியே கொடுக்கத் தொடங்கியது. அந்த வருஷம் வந்த ரேடியான் எச்.டி. 2000 வரிசையை விண்டோஸில் 2012-இலேயே லெகசியில் தள்ளிவிட்டது அதே ஏ.எம்.டி. ஆனால் லினக்ஸில், மெசா என்ற கூட்டு முயற்சியில், அந்தக் கார்டுகளுக்கு இன்றும் டிரைவர் இருக்கிறது. காகிதம் கைமாறியதால் கார்டு பிழைத்தது.

காகிதம் கைமாறாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், சிப்புக்குள் ஓடும், தன் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் சிப்பின் வேகத்தை யாரும் ஏற்ற முடியாதபடி என்விடியா பூட்டியது. நூவோ என்ற திறமூல டிரைவரை எழுதியவர்களுக்குச் சிப் புரிந்தது, பூட்டு திறக்கவில்லை. அதனால் அந்த டிரைவரில் அந்தக் கார்டுகள் ஆன் செய்தபோது இருந்த ஆமை வேகத்திலேயே நிற்கின்றன. அந்த 900 வரிசைக்கும் அடுத்து வந்த பாஸ்கல் வரிசைக்கும் 2025 அக்டோபரோடு புதுக் கேம்களுக்கான கேம் ரெடி டிரைவரும் நின்றது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வருமாம். லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் ஃபின்லாந்தில் ஒரு மேடையில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லாததால் மனு போடுகிறேன்.

ஆகவே, ஓய்வளிக்கும் நாளன்று கடைசி டிரைவரைத் தேடினால் கிடைக்கிற இடத்தில் வைக்கவும், அட்டைப்பெட்டியில் மாடல் பெயரோடு சிப்பின் பெயரையும் டிரைவர் நிற்கும் வருஷத்தையும் அச்சிடவும், சிப்பின் ஆவணங்களையும் ஃபர்ம்வேர் சாவியையும் பொதுவில் விடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் கடைசியைச் செய்யுங்கள். மற்ற இரண்டையும் ஊரில் உள்ள பையன்களே செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய வாடிக்கையாளர்.

நகல்: ஓ.எஸ். நிறுவனத்தின் அப்டேட் பிரிவுக்கு. நான் போட்ட டிரைவரை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டுப் போவது தாங்கள்தான் என்பது தெரியும். தங்களுக்குத் தனி மனு தயாராகிறது.