ஃபுல் பிரேம் சார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும், கேமரா வாங்கப்போகிறவர் ஒருவர் இருப்பார். வாங்கி முடித்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்கள் வாங்கினார்கள், படம் எடுத்தார்கள், கல்யாண வீடுகளில் காணாமல் போனார்கள். நான் சொல்கிறவர் பல வருடமாக வாங்கப்போகிறவர். பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில்தான் இருப்பார். வெர்னியரில் மில்லிமீட்டரைக் கூறுபோட்டுப் பார்த்துப் பழகிய மனிதருக்கு, உலகத்தில் எதுவுமே சரியான அளவில் இல்லை. கேண்டீனில் இவருக்கு ‘ஃபுல் பிரேம் சார்’ என்று பெயர்.

காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீஞ்சூர் தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த டிரெயினி யாராவது உட்கார்ந்தால் தீர்ந்தது. பையன் மரியாதைக்கு, “சார், கேமரா வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லாருக்கும்?” என்று கேட்டுவிடுவான். அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருக்கும். பதில் முடிந்திருக்காது.

“தம்பி, மெகாபிக்சல் எல்லாம் விளம்பரம். சென்சார் எவ்ளோ பெருசு, அத்தக் கேளு.”

இதற்கு அவர் கைவசம் ஓர் உவமை உண்டு. ஜி.என்.டி. ரோட்டின் இரு பக்கமும் மனைப்பிரிவுக் கொடி பறக்கிற ஊரில் அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஃபுல் பிரேம் என்றால் 36க்கு 24 மில்லிமீட்டர், 864 சதுர மில்லிமீட்டர். அதை ஒரு கிரவுண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும், 2400 சதுர அடி. இந்தக் கணக்கில் சாதாரண ஏ.பி.எஸ்.சி கேமராவுக்கு ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அறுநூற்றுச் சொச்சம். போன்களில் பெரிதாகப் பேசப்படும் ஒரு இன்ச் சென்சார் முந்நூற்றிருபது, அதாவது வாட்ச்மேன் ரூமும் ஒரு பாத்ரூமும். அந்த ஒரு இன்ச்சும் ஒரு இன்ச் கிடையாது. மூலைக்கு மூலை அளந்தால் 16 மில்லிமீட்டர்தான் வரும். பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “பஸ் ஸ்டாண்டுலேருந்து அஞ்சு நிமிஷம்னு நோட்டீஸ் போடுறான் பாரு, அந்த மாதிரி” என்பார்.

நீள அகலத்தில்கூட அவருக்குப் பெருமை. கிரவுண்டு 60க்கு 40, ஃபுல் பிரேம் 36க்கு 24. ரெண்டும் மூணுக்கு ரெண்டு. “தெய்வச் செயல், தம்பி.”

கிண்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மனிதர் சொல்வதில் பிழை இல்லை. ஏ.பி.எஸ்.சியைவிட இரண்டே கால் மடங்குக்கு மேல் பரப்பு, அந்த அளவுக்கு ஒளி. ரோலிங் மில்லில் நைட் ஷிப்ட் இருட்டில், செக்கச்செவேலென்று பில்லட் ஓடிவரும்போது எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏ.பி.எஸ்.சியில் 1600 ஐ.எஸ்.ஓவில் வரும் புள்ளி ஃபுல் பிரேமில் 3200 தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். ஒரே கோணம், ஒரே எஃப் எண் என்றால் பின்னணியும் கூடுதலாகக் கரையும். ஆனால் மில்லுக்குள் கேமரா கொண்டுபோக செக்யூரிட்டி விடமாட்டார் என்பதும், இவர் வீட்டுப் பின்னணியில் கரைய வேண்டியது துணி காயும் கொடி ஒன்றுதான் என்பதும் வேறு விஷயம்.

இவர் ஏன் இன்னும் வாங்கவில்லை? 2008ல் கேனன் 5டி மார்க் டூ வந்தபோது முடிவே செய்துவிட்டார். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார். 2011ல் ராம்கோபால் வர்மா கேனன் 5டியை வைத்துக்கொண்டு ஐந்தே நாளில் ‘தொங்கல முட்டா’ என்று ஒரு தெலுங்குப் படத்தையே எடுத்து முடித்தார். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. செய்தி சீக்கிரமே வந்து சேர்ந்தது. சார் அப்போது விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தார். 2012ல் மார்க் த்ரீ. 2013ல் சோனி கண்ணாடியே இல்லாத ஃபுல் பிரேமைக் கொண்டுவந்தது. 2018ல் கேனனும் நிக்கானும் அதே பாதைக்குத் திரும்பி, லென்ஸ் மவுண்ட்டையே மாற்றிவிட்டன. “பாத்தியா, அன்னிக்கு வாங்கியிருந்தா?” என்று கேட்டபோது, பத்து வருடம் படம் எடுக்காமல் இருந்ததால் தப்பித்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

கேமரா ஒன்றுதான் பாக்கி. பை வந்தாயிற்று, முக்காலி வந்தாயிற்று. பழவேற்காட்டு உப்புக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று கரண்டில் ஓடும் டிரை கேபினட்டும் வந்தது. பேக்கிங் செக்‌ஷனில் சிந்திக்கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் விடுவதில்லை. கேபினட்டில் இப்போது அப்பளமும் வடகமும் இருக்கின்றன. மழைக்காலத்திலும் மொறுமொறு.

இவரிடம் கேட்கக் கூடாத கேள்வி, எதை எடுக்கப்போகிறீர்கள் என்பது. குளிர்காலத்தில் பழவேற்காட்டில் வந்திறங்கும் பூநாரைகளைத்தான் எடுக்கப்போகிறார். சிக்கல் அங்கேதான். பூநாரை எட்டத்தில் நிற்கும் பறவை. 400 மில்லிமீட்டர் லென்ஸைச் சின்ன சென்சாரில் மாட்டினால் 600க்கு உள்ள கோணம் கிடைக்கும். ஃபுல் பிரேமில் 400 என்றால் 400தான், பறவை இன்னும் சிறுத்துத் தெரியும். அந்த 600க்கு இரண்டு கிலோ லென்ஸ் சுமக்க வேண்டும். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: 61 மெகாபிக்சல் ஃபுல் பிரேம் வாங்கி, நடுவில் வெட்டினால் 26 கிடைக்கும்.

“அப்போ வெட்டுறதுக்காகவா சார் பெருசா வாங்குறீங்க?” என்று டிரெயினி கேட்டான். அன்றிலிருந்து பையனுக்கு ஜன்னலோர சீட் இல்லை.

எனக்குப் பிடித்த கதை வேறு. இந்த 36க்கு 24 அளவைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். ஆஸ்துமாக்காரர், பெரிய கேமராவைத் தூக்கி மலையேற முடியவில்லை. சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து, இரண்டு சினிமாக் கட்டத்தை ஒன்றாக்கினார். 1925ல் லைகா கேமராவாக அது விற்பனைக்கு வந்தபோது, தட்டுக் கேமராக்காரர்களுக்கு அது குட்டி அளவு. மூச்சு வாங்கியவர் பாரம் குறைக்கக் கண்டுபிடித்ததைத்தான் நம் சார் இரண்டு கிலோ லென்ஸோடு கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிறார். இதைச் சொன்னேன். “அது சரி, ஆனா லைகா விலை தெரியுமா?” என்று வேறு ரூட்டில் போய்விட்டார்.

அவரையும் மடக்கியவன் டிரெயினிதான். ஆயுதபூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே, “சார், 44க்கு 33ன்னு மீடியம் ஃபார்மட் இருக்காமே? உங்க கணக்குல ஒன்றரை கிரவுண்டுக்கு மேல வருதே” என்றான். சார் சுண்டலை அப்படியே வைத்துவிட்டார். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு, அவ்வளவு பெரிசு நமக்கெதுக்கு, பராமரிக்க முடியாது என்று சொல்ல ஆரம்பித்தார்.

இந்தப் பொங்கலுக்கு எல்லாம் கூடி வந்தது. போனஸ் பணம், ஓ.டி. பணம், சீட்டுப் பணம். இவர் ராத்திரியெல்லாம் போனில் கிரவுண்டு கிரவுண்டு என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டம்மா ஒரு நாள், “ஏங்க, நீங்க கேட்டுட்டே இருப்பீங்க, முடிக்கமாட்டீங்க. எங்கண்ணன் நல்ல இடமா காட்டுச்சு. புதுவாயல்கிட்ட, அட்வான்ஸ் குடுத்துட்டேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மனை பார்க்கப் போனார்கள். மச்சான் கல் நட்ட இடத்தைக் காட்டினார். சார் டேப்பை இழுத்து நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். நாற்பதுக்கு முப்பது. இன்னொரு தடவையும் அளந்தார்.

“இன்னா மாப்ள, அளவு குறையுதா?” என்று மச்சான் பதறினார்.

“குறையல” என்றார் சார். “மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்.”