கேப்ஸ் லாக்கை என்ன செய்யலாம்?

கேள்வி: லினக்ஸுக்கு மாறிவிட்டேன். ஆனால் கேப்ஸ் லாக்கில் விரல் பட்டுப் பட்டு, மேலாளருக்கு நான் அனுப்பும் மெயிலெல்லாம் அவரைப் பார்த்துக் கத்துகிறது. அந்தக் கீயைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள், வேலையை மாற்றிக் கொடுங்கள். உபுண்டுவில் 'க்னோம் ட்வீக்ஸ்' போட்டுக்கொண்டால், கீபோர்டு பகுதியில் கேப்ஸ் லாக்கை கன்ட்ரோல் ஆக்கலாம், எஸ்கேப் ஆக்கலாம், ஒன்றுமே செய்யாமல் உட்காரவும் வைக்கலாம். (கடைசி ஏற்பாடு சில அலுவலகங்களில் ஆட்களுக்கே உண்டு.)

என் ஓட்டு கன்ட்ரோலுக்கு. அந்த இடம் முதலில் அதனுடையதுதான். 1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் 'ஏ' எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது கன்ட்ரோல். பில் ஜாய் 'விஐ' எடிட்டரை எழுதியது அதில்தான். பிறகு வந்த ஐபிஎம் கீபோர்டு, பாவம், கன்ட்ரோலைக் கீழ் மூலைக்குத் தள்ளிவிட்டது. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது; தமிழ்99 கீபோர்டு முறையில் தட்டுபவருக்கு கேப்ஸ் லாக் வெறும் தண்டச்சோறு.

ஒன்று மட்டும்: மாறுவது கீயின் வேலைதான், அதன் மேல் அச்சடித்த பெயர் அல்ல. உங்கள் லேப்டாப்பை அடிக்கடி இரவல் கேட்கும் மைத்துனரிடம் இதைச் சொல்லித் தொலைக்காதீர்கள்.