ஹலோ... டெஸ்டிங்

பெங்களூரில் லினக்ஸ்காரர்கள் பல ரகம். ஆபீஸ் சர்வரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. சொந்த லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டு, தீபாவளிக்குத் தீபாவளி அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இந்த மூன்றாவது ரகத்தின் உச்சம், திரையைப் பதிவு செய்கிறவர்.

இவர் பல வருடமாக ஒரு வீடியோ போடப்போகிறார். தமிழில் லினக்ஸ், அடிப்படையிலிருந்து. சேனலுக்குப் பெயர் வைத்தாயிற்று, லோகோ வந்தாயிற்று, எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி மைக்கும் வாங்கியாயிற்று. வீடியோதான் பாக்கி. அவருடைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் 'டெஸ்ட்', 'டெஸ்ட்_2', 'டெஸ்ட்_ஃபைனல்', 'டெஸ்ட்_ஃபைனல்_ஆடியோ_ஓகே', 'டெஸ்ட்_ஃபைனல்_ஆடியோ_நிஜமாவே_ஓகே' என்று வரிசையாக நிற்கும். எதைச் சொடுக்கினாலும் நம்மவர் குரல்: "ஹலோ... டெஸ்டிங்... கேக்குதா?" ஒரே ஒரு கோப்பில் மட்டும் அதற்குப் பதில் இருக்கிறது. அடுப்படியிலிருந்து: "கேக்குதுங்க. நாலு வீட்டுக்குக் கேக்குது."

படம் பிடிப்பது பெரிய காரியமில்லை, சத்தம்தான் ஆளைப் படுத்தும். லினக்ஸில் சத்தத்துக்கு இரண்டு வாசல். ஒன்று மைக். மற்றது, ஸ்பீக்கருக்குப் போகிற சத்தத்தை அப்படியே நகலெடுத்துத் தரும் 'மானிட்டர்'. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற சத்தம் பதிவாக வேண்டுமென்றால் இந்த இரண்டாவது வாசலைக் காட்ட வேண்டும். காட்டுகிற இடம் 'பாவுகண்ட்ரோல்' என்ற சின்னப் பெட்டி, அதில் 'ரெக்கார்டிங்' என்ற பக்கம். அங்கேதான் கூத்து. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான், பதிவு செய்கிற மென்பொருளின் பெயரே அந்தப் பக்கத்தில் தலைகாட்டும். நிறுத்தினால் காணாமல் போய்விடும். ஆகவே முதலில் பதிவைத் தொடங்கிவிட்டு, அப்புறம் ஓடிப்போய் வாசலை மாற்ற வேண்டும். நம்மவரின் எல்லாப் படங்களிலும் முதல் காட்சி இதுதான்: மவுஸ் அம்பு பதறியடித்துக்கொண்டு திரையின் குறுக்கே ஓடும், ஒரு பட்டியல் விரியும், "இருங்க இருங்க" என்று ஒரு முனகல். அந்த "இருங்க இருங்க" மட்டும் எப்போதும் துல்லியமாகப் பதிவாகியிருக்கும்.

வரலாறு கேட்டால் உட்காரச் சொல்வார். தமிழாசிரியர் சங்க காலம், களப்பிரர் காலம், பல்லவர் காலம் என்று பிரிப்பதைப்போல இவர் லினக்ஸில் சத்தத்தைக் கையாளும் மென்பொருள்களை வைத்து ஆல்ஸா காலம், பல்ஸ்ஆடியோ காலம், பைப்வயர் காலம் என்று பிரித்துவைத்திருக்கிறார். 2007-ல் ஃபெடோரா லினக்ஸின் 8-ஆம் பதிப்பில் பல்ஸ்ஆடியோ வந்ததும் அவருடைய களப்பிரர் காலம் தொடங்கியது. 2021-ல் ஃபெடோரா 34-ல் பைப்வயர் வந்து விடிந்ததாம். விடிந்த பிறகும் பதிவு ஏன் ஆகவில்லை என்று கேட்கக் கூடாது. கேட்டால், திரையில் ஜன்னல்களைக் காட்டும் வேலையை எக்ஸ் விண்டோவிடமிருந்து வாங்கிக்கொண்ட வேலண்டைப் பற்றிச் சொல்வார். 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோவில் ஒரு மென்பொருள் அடுத்ததின் ஜன்னலை எட்டிப்பார்க்கலாம், தடையில்லை. ரெக்கார்டருக்கு வசதி, வேவு பார்ப்பவனுக்கும் வசதி. வேலண்ட் அதை அடைத்துவிட்டது. திரையைப் பார்க்க வேண்டுமென்றால் உரியவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். பழைய ரெக்கார்டர்களுக்குக் கேட்கத் தெரியாது. கேட்காதவர்களுக்குக் கிடைத்தது கறுப்புத் திரை. ஆபீஸ் மீட்டிங்கில் நம்மவர் திரையைப் பகிர்ந்ததும், "ஜி, பிளாக்கா இருக்கு" என்று ஐந்தாறு குரல்கள் எழும். அவர் கலங்க மாட்டார். "அது செக்யூரிட்டி, ஜி" என்பார், தானே எழுதிக்கொடுத்த மாதிரி.

ஓபிஎஸ் என்ற ரெக்கார்டர் இருக்கிறதே, பட்டனை அழுத்தினால் போதுமே என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். பட்டன் சின்னப் பசங்களுக்கு. அவருக்கு எஃப்எஃப்எம்பெக்தான், 2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கியது, அதுவும் டெர்மினலில், இரண்டு முழ நீளக் கட்டளையாக. அழுத்தியதும் அது 'அகலம் 2-ஆல் வகுபடவில்லை' என்று நின்றுவிடும். ஜன்னலின் அகலம் 1365 புள்ளி. நிறத்தை இரண்டுக்கு இரண்டு புள்ளிக்கு ஒன்றாகச் சேமிப்பதால் ஒற்றைப்படை ஆகாது. அந்த ஒரு புள்ளியை வெட்டுவதில் சாயங்காலம் போகும். ஆனால் அது அவருக்கு வீண்போன சாயங்காலம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் மனிதர் விசிலடித்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

ஒருவழியாக எல்லாம் கூடிவரும்போது ஊர் விடாது. வீடு பழைய எச்.ஏ.எல். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், முருகேஷ்பாளையாவில். பயணிகள் விமானமெல்லாம் 2008-லேயே தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. எச்.ஏ.எல். ஹெலிகாப்டர்கள் போகவில்லை. "வணக்கம் நண்பர்களே" என்று வாயைத் திறந்ததும் மொட்டைமாடிக்கு மேலே ஒன்று வந்து நிற்கும். அது நகர்ந்தால் தெருவில் "சொப்பு... சொப்பு" என்று கீரைக்காரம்மா. அடுத்து தண்ணி லாரி. கடைசியில் பெஸ்காம் கரண்டைப் பிடுங்கும். எம்பி4-ல் பதிவு செய்திருந்தால் பாதியில் நின்ற கோப்பு திறக்காது, எம்கேவி என்றால் அதுவரை ஓடியது தப்பும். நம்மவர் எம்கேவிக்காரர். அதனால் ஹெலிகாப்டர் பத்திரமாக இருக்கிறது.

ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல்காரர்கள் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டார்கள். பத்து நிமிடத்தை ஒட்டிய பாடங்கள், திரையும் குரலுமாக, தமிழிலும் கன்னடத்திலும்கூட. முதலில் எழுதி, திருத்தி, பிறகுதான் பதிவு. நம்மவருக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. "ஆனா எழுதிவெச்சுப் படிச்சா ஜீவன் இருக்காது" என்பார்.

போன மாதம் வாணியம்பாடியிலிருந்து மாமனார் போன் செய்தார். "மாப்ளே, நீங்க போட்டுக்கொடுத்த உபுண்டுல பிரிண்ட் எடுக்கத் தெரியலை. ஒரு வீடியோ புடிச்சு அனுப்புங்களேன்." சனிக்கிழமை காலையில் நம்மவர் ஆரம்பித்தார். ஞாயிறு மத்தியானம் ஒரு எம்கேவி போனது. "வாட்ஸப்ல திறக்கலையே மாப்ளே." மாற்றி அனுப்பினார். "படம் ஓடுது, நீங்க பேசறது கேக்கலை." மானிட்டர் வாசல் திறந்திருந்தது, மைக் வாசல் மூடியிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று மனைவி வந்தார். போனைத் திரைக்கு நேரே பிடித்தார். "ம், பிரிண்ட் எங்க இருக்கு, அமுக்குங்க. அப்பா, இதோ இந்த மூலையில பாருங்க, இதை அமுக்கணும்." அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் மாமனாரின் பதில் வந்துவிட்டது: பிரிண்ட் வந்துவிட்டதாம், இரண்டு காப்பி.

நம்மவர் அந்தக் கோப்பை வாங்கி, டெர்மினலில் போட்டுப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேரியபிள் ஃப்ரேம் ரேட்மா இது. எடிட்டிங்ல போட்டா சத்தம் நழுவிடும்."